அப்பாவின் கண் பிரஷருக்கு எந்தச் சொட்டு மருந்து நல்லது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கும் அப்பாவுக்கு வயது 66. சர்க்கரை உண்டு. பனிக்காலத்தில் இழுப்பு வரும், இன்ஹேலர் எடுப்பார். ஆறு மாதம் முன்பு கண்ணில் பிரஷர் 29, 27 என்று வந்தது. ராத்திரிக்கு ஒரு சொட்டு லாட்டனோபிராஸ்ட் எழுதினார்கள். ஒரு மாதத்தில் 19க்கு இறங்கியது. போன வாரம் பார்த்தால் 24. இப்போது பிரிமோனிடினும் டிமோலாலும் கலந்த இரண்டாவது பாட்டில் சேர்ந்திருக்கிறது. அத்தைக்கு வேறு மருந்து, பக்கத்து வீட்டு மாமாவுக்கு இன்னொன்று. இதில் எதுதான் நல்லது, விலை கூடினது சிறந்ததா, நீங்கள் சென்னையில் இருப்பதால் எத்தனை பாட்டில் வாங்கி வைத்துவிட்டு வரலாம் என்பவை உங்கள் கேள்விகள்.

நான் கண் டாக்டர் இல்லை. பாளையங்கோட்டையில் முப்பது வருடத்துக்கு மேல் மருந்தாளுநராக இருக்கிறேன். கண் மருந்து நிறையப் போகிற கடை.

எது நல்லது என்பது அப்புறம். முதலில் அவசரமான விஷயம். இழுப்பு உள்ளவருக்கு டிமோலால் கூடாது. அந்த இரண்டாவது பாட்டில் லேபிளை அப்பாவைப் படிக்கச் சொல்லுங்கள். டிமோலால் என்று இருந்தால், அடுத்த சொட்டு விடுவதற்கு முன் கண் மருத்துவருக்குப் போன் போட்டு, "இவருக்கு வீசிங் உண்டு, இன்ஹேலர் எடுக்கிறார்" என்று சொல்லுங்கள். வேறு மாற்றித் தருவார். ராத்திரிச் சொட்டை நிறுத்த வேண்டாம், அது வழக்கம்போல் நடக்கட்டும். டாக்டரைக் குறை சொல்லவில்லை. நம் ஊர் ஆட்கள் கண்ணைக் காட்டப் போன இடத்தில் நெஞ்சைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார்கள். "கண்ணுக்குத்தான வந்திருக்கோம், அத எதுக்குச் சொல்லிக்கிட்டு" என்று இருந்துவிடுவார்கள்.

கண்ணில் விட்ட ஒரு சொட்டு நெஞ்சுக்கு எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். கண்ணின் உள்முனையில் மூக்கை ஒட்டிக் கண்ணீர் வடிகிற சின்னத் துளைகள் உண்டு. அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுவது அதனால்தான். மருந்தும் அதே வழியில் மூக்குக்குள் இறங்கி, அங்குள்ள சவ்வில் ஊறி நேரே ரத்தத்தில் கலக்கிறது. மாத்திரை என்றால் முதலில் ஈரலைத் தாண்ட வேண்டும். இதற்கு அந்தத் தடை கிடையாது. டிமோலால் பீட்டா பிளாக்கர் வகை. மூச்சுக்குழாயைச் சுருக்கும், நாடித்துடிப்பைக் குறைக்கும்.

என் பெரியம்மை முக்கூடலில் பீடி சுற்றியவள். நாற்பது வருடம் புகையிலைத் தூளை மூச்சில் இழுத்த நெஞ்சு. கண் பிரஷருக்கு டிமோலால் எழுதித் தந்தார்கள். மூன்றாம் வாரத்தில் இருந்து ராத்திரி படுக்க முடியவில்லை. "ஏல, நெஞ்ச அடைக்கில" என்று உட்கார்ந்துகொண்டே விடிய விடிய இருப்பாள். நெஞ்சுக்குத் தனி டாக்டர், எக்ஸ்ரே, மாத்திரை என்று இரண்டு மாதம் ஓடியது. கண் மருந்து என்ன என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்தப் பாட்டிலை மாதாமாதம் அலமாரியில் இருந்து எடுத்துக் கொடுத்தவன் நான். ஒரு கல்யாண வீட்டுக்குப் போனவள் பாட்டிலை மறந்து வைத்துவிட்டு நான்கு நாள் சொட்டு விடாமல் இருந்தாள். மூச்சு தானாகச் சரியாகிவிட்டது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இப்போது டிமோலால் சீட்டு வந்தால் "இழுப்பு உண்டா?" என்று கேட்காமல் எடுத்துத் தருவதில்லை. சில பேர் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். கண்ணை ஒரு குளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விழிக்கு உள்ளே ஒரு தெளிந்த நீர் ஓயாமல் ஊறிக்கொண்டே இருக்கிறது. கண்ணீர் வேறு, அது வெளியே; இது உள்ளே. ஊறுகிற அளவுக்கு மடை வழியாக வெளியே போனால் மட்டம் சரியாக நிற்கும். பாதரச மில்லிமீட்டர் அளவில் 10 முதல் 21 வரை என்பது வழக்கமான கணக்கு. மடை தூர்ந்தால் மட்டம் ஏறும், ஏறினால் கரையில் எந்த இடம் இளக்கமோ அங்கேதான் பாதிப்பு. கண்ணில் அந்த இடம், பின்பக்கம் பார்வை நரம்பு புறப்படும் இடம். வலி இருக்காது. பெரும்பாலும் ஓரத்துப் பார்வையில் தொடங்கி மெல்லக் குறைந்துகொண்டே வரும். போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்து மட்டத்தை இறக்கும், அவ்வளவுதான். "மூணு மாசமா விடுதேன் அண்ணாச்சி, ஒண்ணும் தெளிவாத் தெரியல" என்று பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். தெளிவாக்குவது அதன் வேலையே இல்லை.

மட்டத்தை இறக்க வரத்தைக் குறைக்கலாம், மடையைத் தூர்வாரலாம், இல்லையென்றால் தண்ணீரை மறுகால் (உபரி நீர் போகிற வழி) வழியாகப் போக விடலாம். டிமோலால், டோர்சோலமைட், பிரின்சோலமைட் ஆகியவை வரத்தைக் குறைப்பவை. பிரிமோனிடினுக்கும் முக்கிய வேலை அதுதான், வெளியேற்றத்தையும் கொஞ்சம் கூட்டும். லாட்டனோபிராஸ்ட் குடும்பம் பெரும்பாலும் மறுகாலைத் திறக்கிறது. நெட்டார்சுடில், ரிபாசுடில் என்ற புது மருந்துகள் மடையையே இளக்கிவிடுகின்றன. இது தெரிந்தால் டாக்டர் ஏன் ஒன்றோடு இன்னொன்றைச் சேர்க்கிறார் என்பதும் புரியும். வேறு வேறு வழியில் வேலை செய்கிறவற்றைத்தான் சேர்ப்பார்கள். லாட்டனோபிராஸ்ட் விடுகிறவர், அத்தையின் பைமட்டோபிராஸ்ட்டையும் சேர்த்து விட்டால் கூடுதல் பலன் கிடையாது, அழுத்தம் ஏறவும் செய்யலாம். இரண்டும் ஒரே குடும்பம்.

அப்பா விடுகிற லாட்டனோபிராஸ்ட் 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தனியாக விடும் சொட்டுகளில் இந்தக் குடும்பத்துக்குத்தான் பலம் அதிகம். அழுத்தத்தில் கால் பங்கில் இருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறக்கும். ஒரு நாளைக்கு ஒரே சொட்டு. நல்லது என்று இரண்டு வேளை விட்டால் பலன் குறையும், கூடாது. ராத்திரி விடச் சொல்வதற்குக் காரணம், விட்டு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில்தான் அதன் வேலை உச்சத்துக்கு வரும். பலருக்கு அழுத்தம் ஏறி நிற்கும் காலை நேரத்துக்குச் சரியாக இருக்கும். நெஞ்சுக்கும் இழுப்புக்கும் பொதுவாகத் தொந்தரவு இல்லை. தொந்தரவெல்லாம் முகத்தில்தான். கண் சிவக்கும், இமை முடி நீளும், கண்ணைச் சுற்றித் தோல் கறுக்கும், சிலருக்கு மேல் இமை உள்வாங்கிக் கண் குழி விழுந்ததுபோல் தெரியும். ஒரு கண்ணுக்கு மட்டும் விடுகிறவர்களுக்கு இது பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். வழிந்ததை உடனே சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தால் கறுப்பது குறையும். புரை அறுவை நடக்கப்போகிறது என்றாலோ, கண்ணுக்குள் அழற்சி முன்பு வந்திருந்தாலோ டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

அத்தையின் பைமட்டோபிராஸ்ட், கடையில் கிடைக்கும் டிராவோபிராஸ்ட் எல்லாம் இதற்கு உடன்பிறப்புகள். பைமட்டோபிராஸ்ட் சிலருக்கு ஒரு புள்ளி கூடுதலாக இறக்கும், சிவப்பும் கொஞ்சம் கூடும். அந்த ஒரு புள்ளிக்காக அத்தை மருந்தைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. (இமை முடி வளர்க்கவென்றே பைமட்டோபிராஸ்ட்டுக்கு 2008இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். அதைக் கேள்விப்பட்டுக் கல்யாணப் பெண் ஒருத்தி கடைக்கு வந்து கேட்டாள். சீட்டு கொண்டு வாம்மா என்று அனுப்பிவிட்டேன்.)

டிமோலால் 1978இல் இருந்து இருக்கிறது. கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இறக்கும். காலை, மாலை இரண்டு வேளை. ராத்திரி தூங்கும் நேரத்தில் அதன் பலன் குறைவு. கண் அவ்வளவாகச் சிவக்காது, நூறு ரூபாய்க்குள் முடியும். இழுப்பு இல்லை, நாடித்துடிப்பு மெதுவாக இல்லை, இதயத் துடிப்பின் மின்கடத்தலில் தடை (ஹார்ட் பிளாக்) இல்லை என்றால் இன்றைக்கும் அருமையான மருந்து. விலை மலிவு என்பதற்காக அதை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் உங்கள் அப்பாவுக்கு இழுப்போடு சர்க்கரையும் இருக்கிறது. சர்க்கரை திடீரென்று இறங்கும்போது வருகிற படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைத்துவிடக்கூடும். ரத்த அழுத்தத்துக்கு அட்டினலால், மெட்டோபுரோலால் சாப்பிடுகிறவர்களுக்கும் கவனம் வேண்டும். அவையும் இதே இனம் என்பதால் கண்ணில் கூடுதல் பலன் குறைவு, துடிப்பு மட்டும் இன்னும் இறங்கும். பக்கத்து வீட்டு மாமாவுக்கு இது ஒத்துக்கொள்கிறது என்றால் அது மாமாவின் நெஞ்சு.

பிரிமோனிடின் இரண்டு அல்லது மூன்று வேளை விட வேண்டும். உச்சத்தில் டிமோலால் அளவுக்கு இறக்கும், அடுத்த வேளை நெருங்கும்போது பலன் தளர்ந்துவிடும். வாய் உலரும், பகலில் தூக்கம் தள்ளும். இதன் பெரிய குறை அலர்ஜி. முதல் மாதத்திலேயே வரும் என்றில்லை, ஆறு மாதம் நன்றாக இருந்துவிட்டுத் திடீரென்று கண் சிவந்து அரிக்கும். அப்போது "மெட்ராஸ் ஐ" என்று நினைத்து வேறு மருந்து வாங்க ஓடுவார்கள். இன்னொன்று, லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வந்தால் இந்தப் பாட்டிலைக் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த மருந்து ஆபத்து, மூச்சே மட்டுப்படலாம்.

டோர்சோலமைட் எரியும், தொண்டையில் கசக்கும். பிரின்சோலமைட் எரியாது, ஆனால் பால் மாதிரி இருக்கும், குலுக்கி விட வேண்டும், விட்டதும் கொஞ்ச நேரம் பார்வை மங்கும். இரண்டும் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் முன்பின்னாக இறக்கும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் சொல்லிவிட வேண்டும். பிரின்சோலமைட்டும் பிரிமோனிடினும் சேர்ந்த ஒரே பாட்டில் கிடைக்கிறது, அதில் டிமோலால் கிடையாது. அப்பாவுக்கு இரண்டாவது மருந்து உண்மையிலேயே தேவை என்றால், டாக்டரிடம் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முடிவு அவருடையது.

பைலோகார்பின் என்று ஒன்று பழைய சீட்டுகளில் வரும். கண் பாப்பாவைச் சுருக்கி மடையை இழுத்துத் திறக்கும். புருவம் வலிக்கும், அந்தியில் கண் இருட்டும், நான்கு வேளை விட வேண்டும். தினசரி மருந்தாக இப்போது எழுதுவது குறைவு. நெட்டார்சுடில் ராத்திரி ஒரு வேளைதான், ஆனால் கண் நன்றாகவே சிவக்கும். அசிட்டசோலமைட் மாத்திரை பெரும்பாலும் அவசரத்துக்கு. விரல் மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் போகும்.

இப்போது எனக்கு உறுத்துகிற கேள்வி. 29இல் இருந்து மூன்றில் ஒரு பங்கு போனால் 19, 20. அப்பாவுக்கு இறங்கியது சரியாக அந்த அளவுதான். அதாவது லாட்டனோபிராஸ்ட் அவர் கண்ணுக்குப் பேசுகிற மருந்து. அப்படியென்றால் ஐந்து மாதத்தில் 24 ஆனது ஏன்? இரண்டாவது பாட்டிலைத் திறப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

ஒரு காரணம் சாதாரணமானது. கண் அழுத்தம் நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும். காலை ஒன்பது மணிக்குப் பார்த்ததையும் சாயங்காலம் பார்த்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. சீட்டில் நேரம் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

அடுத்தது, நான் கடையில் அதிகம் பார்ப்பது: மருந்து கண்ணுக்குள் விழவில்லை. இரண்டரை மில்லி பாட்டிலில் ஏறக்குறைய எண்பது சொட்டு இருக்கும். இரண்டு கண்ணுக்கும் மாதம் அறுபது போதும். அப்பாவுக்கு ஒரு பாட்டில் எத்தனை நாள் வருகிறது என்று கேளுங்கள். இருபது நாளில் தீர்ந்தால் பாதி கன்னத்தில் வழிகிறது. இரண்டு மாதம் வந்தால் மூன்று நாளில் ஒரு நாள் விடவில்லை. கல்லிடைக்குறிச்சியில் இருந்து வருகிற ஒரு தாத்தா, "நான் தெனமும் விடுதேன் தம்பி" என்று அடித்துச் சொல்வார். ஒரு நாள் கடையிலேயே விட்டுக் காட்டச் சொன்னேன். நான்கு சொட்டு விழுந்தது, ஒன்று நெற்றியில், இரண்டு கன்னத்தில், ஒன்று சட்டையில்.

ஒரு ராத்திரி வீடியோ காலில் அப்பா சொட்டு விடுவதைப் பாருங்கள். படுத்துக்கொண்டு விடுவது நல்லது. கீழ் இமையை இழுத்துப் பை மாதிரி ஆக்கி, பாட்டில் நுனி எங்கும் தொடாமல் ஒரே சொட்டு. கண்ணில் தங்குகிற இடம் ஒரு சொட்டுக்கே கொள்ளாது, இரண்டாவது சொட்டு வழிந்துதான் போகும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்து உள்முனையை விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மருந்து மூக்குக்குள் இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடம். கை நடுங்கினால் அம்மா விடட்டும். பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் சொட்டு சில்லென்று விழும், உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று அவருக்கே தெரிந்துவிடும்.

இன்னொரு காரணம் ஸ்டீராய்டு. நடுவில் கண் சிவந்து, அல்லது அரித்து, ஏதாவது கடையில் கேட்டு வேறொரு சொட்டு வாங்கி விட்டாரா? ஸ்டீராய்டு கலந்த சொட்டை வாரக்கணக்கில் விட்டால் சிலருக்கு அழுத்தம் சரசரவென்று ஏறும். சீட்டு இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது. என் தொழில்காரர்களே கொடுக்கிறார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. மூட்டு வலிக்கு எங்காவது பொட்டலத்தில் மாத்திரை வாங்கினாரா என்றும் கேளுங்கள். இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருந்தால் அதன் பெயரையும் கண் டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள், மூச்சு முக்கியம்.

இன்னும் ஒன்று நீங்கள் எழுதவில்லை. அப்பாவுக்கு நரம்பில் பாதிப்பு இருக்கிறதா, இல்லை அழுத்தம் மட்டும் கூடுதலா? இரண்டும் வேறு. நரம்பு பாதிக்கப்பட்டால்தான் அதற்குக் கிளாக்கோமா என்று பெயர். அழுத்தம் மட்டும் கூடி நரம்பு நன்றாக இருக்கிறவர்களை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2002இல் முடிவு வந்தது. ஐந்து வருடத்தில் மருந்து விடாதவர்களில் 9.5 சதவீதம் பேருக்கும், விட்டவர்களில் 4.4 சதவீதம் பேருக்கும் கிளாக்கோமா வந்தது. சொட்டு பாதிக்கு மேல் காப்பாற்றியிருக்கிறது; விடாதவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கு அந்த ஐந்து வருடத்தில் வரவில்லை. கருவிழி தடிமனாக இருந்தவர்களுக்கு ஆபத்து குறைவு என்றும் அதில்தான் தெளிவானது. அதனால் கருவிழித் தடிமன், பார்வைப் பரப்புச் சோதனை, நரம்பு ஸ்கேன் மூன்றும் எடுத்தார்களா என்று பாருங்கள். 24 என்ற எண் ஒருவருக்குப் பரவாயில்லை, நரம்பு தேய்ந்த இன்னொருவருக்கு 17 கூடக் கூடுதல். தமிழ்நாட்டின் மூன்று தென் மாவட்டங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை எடுத்த கணக்கெடுப்பில் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் 2.6 சதவீதம் பேருக்குக் கிளாக்கோமா இருந்தது, அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. அப்பா தெரிந்துகொண்ட கூட்டத்தில் இருக்கிறார். நீங்களும் நாற்பதைத் தொட்டதும் ஒரு முறை பார்த்துவிடுங்கள், இது குடும்பத்தில் வரும்.

லேசர் பற்றியும் கேளுங்கள். மடையில் லேசர் விட்டு இளக்குகிற எஸ்.எல்.டி. என்று ஒன்று. 2019இல் வந்த இங்கிலாந்து ஆய்வில், முதலிலேயே அதைச் செய்துகொண்டவர்களில் நான்கில் மூன்று பேர் மூன்று வருடம் வரை சொட்டு இல்லாமலே சமாளித்தார்கள். எல்லாக் கண்ணுக்கும் பொருந்தாது. ஆனால் தனியாக இருக்கிற, கை நடுங்குகிற, மறந்துபோகிற பெரியவர்களுக்கு இதை யோசிக்கலாம் என்பது என் எண்ணம்.

விலை பற்றி: ஒரே மருந்து பல கம்பெனிப் பெயர்களில் பல விலைக்கு இருக்கிறது. மலிவான பெயருக்கு மாற்றலாம், டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மாற்றிய மாதம் அழுத்தம் ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும். கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு இல்லாத பாட்டில்கள் விலை கூடும். கண் உலர்ந்து உறுத்துகிறவர்களுக்கும் இரண்டு மூன்று பாட்டில் விடுகிறவர்களுக்கும் அந்தக் கூடுதல் பணம் தகும், மற்றவர்களுக்கு வீண்.

எத்தனை பாட்டில் வாங்கி வைக்கலாம் என்றால், மூன்று. லாட்டனோபிராஸ்ட் திறக்காத பாட்டில் ஃபிரிட்ஜில், கதவுத் தட்டில் இருக்கட்டும். உறையவிடும் பெட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம். திறந்தது 25 டிகிரிக்குள் ஆறு வாரம் தாங்கும். ஆனால் நம் ஊர் சித்திரை வைகாசியில் 25 டிகிரி எங்கே கிடைக்கும்? திறந்ததையும் ஃபிரிட்ஜிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது நிறையப் பேர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து கெட்டுப்போச்சா என்று கேட்டார்கள். ஃபிரிட்ஜ் இல்லாமல் சில நாள் இருந்ததால் கெட்டுவிடாது. அனுப்பும் வழியில் 40 டிகிரி வரை எட்டு நாள் தாங்கும் என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. ஃபிரிட்ஜே இல்லாத வீடு என்றால் டிராவோபிராஸ்டோ பைமட்டோபிராஸ்டோ தோதுப்படும். ஒவ்வொரு பாட்டிலையும் திறக்கிற அன்றைக்கே அட்டைப்பெட்டியில் தேதியை பேனாவால் எழுதச் சொல்லுங்கள். ஆறு வாரம் முடிந்ததும், மீதி இருந்தாலும் கொட்டிவிட வேண்டும்.